காய்ந்த இலையா, பொடியா, எண்ணெயா, மருந்தா?

போன மாசியில் ஊரிலிருந்து மதினி அழைத்தார். எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கம். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. அண்ணனுக்கு மூன்று ஏக்கர். பருத்தியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போட்டு, காட்டுப்பன்றிக்குப் பாதி, உரக்கடைக்குப் பாதி என்று கொடுத்துச் சலித்துவிட்டார்கள்.

“தாயி, கம்மாக்கரையில தானா மொளைக்கிற கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் பொடியாக்கி வித்தா நல்ல காசுங்காக. மகளிர் குழுவுல பத்துப் பேரு இருக்கோம். அங்க தேக்காவுல என்ன வெலைக்கு விக்கிதுன்னு பாத்துச் சொல்லு. பணமும் கொஞ்சம் போடு.”

தேக்கா என்பது சிங்கப்பூரில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடைவீதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பஃபலோ ரோட்டிலிருந்து சிராங்கூன் ரோடு வரை நடந்து ஒவ்வொரு கடையாகப் பார்த்தேன். நூறு கிராம் பொட்டலத்தின் விலையைப் பத்தால் பெருக்கினால் யாருக்கும் ஆசை வரும். ஊரில் இலை பறிக்கிறவர் கைக்கு வருவதற்கும் இங்கே பொட்டலத்தில் ஒட்டியிருப்பதற்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. நிஜக் கடல்தான். அந்தக் கடலை நம்பித்தான் என் பிழைப்பும்: 14 ஆண்டுகளாகச் சரக்குக் கிடங்கு வேலை. எது வந்து இறங்குகிறது என்பதைவிட எது திரும்பிப் போகிறது, எது அழிக்கப்படுகிறது என்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் மதினிக்கு ஒப்பிட்டுச் சொல்ல உட்கார்ந்தபோது எதில் லாபம் அதிகம் என்று தொடங்கவில்லை. ஒரு தடவை சரக்கு நிராகரிக்கப்பட்டால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை வைத்து நான்கு வழிகளையும் வரிசைப்படுத்தினேன். இங்கிருந்துகொண்டு ஊரில் மூலிகைத் தொழிலுக்குப் பணம் போட நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நம் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்று பார்த்துவிடுவோம். நான் சிங்கப்பூர்க் குடிமகள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. அந்த அட்டையை வைத்து இந்தியாவில் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். “ரெண்டு ஏக்கர் வாங்கி மூலிகைத் தோட்டம் போட்டுடலாம்” என்று சாப்பாட்டுக் கடையில் பேசுகிறவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, இந்தியக் குடிமக்கள் அல்லாதவர்களும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களும் அங்குள்ள தாவர வளத்தை வணிகத்துக்கு எடுக்க, சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வழக்கமாகச் சந்தையில் விற்கும் சரக்கு என்று அறிவிக்கப்பட்ட பட்டியலுக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டியலில் எது இருக்கிறது, எந்த உபயோகத்துக்கு விலக்கு என்று ஒவ்வொரு செடியாகப் பார்க்க வேண்டும்.

எனவே தொழில் அண்ணன், மதினி பெயரிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நான் கொடுப்பது அண்ணனுக்கு அன்பளிப்பு. உடன்பிறந்தவர்களுக்குள் கொடுக்கும் அன்பளிப்புக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. பங்கு, பத்திரம் எதுவும் வேண்டாம். குடும்பத்தில் சண்டை வர வேறு காரணங்கள் தாராளமாக இருக்கின்றன.

இலையை இங்கே வரவழைத்து வீட்டிலேயே பொடி செய்தால் என்ன என்று என் மகன் கேட்டான். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஒருமுறை முருங்கைக்கீரையை ஈசூன் வீட்டின் பின்கட்டில் மூன்று நாள் காயப்போட்டேன். காயவில்லை, கறுத்தது. அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

இனி நான்கு வழிகள்.

முதல் வழி, செடியைக் காயவைத்து மூட்டையாக மொத்த வியாபாரிக்குக் கொடுப்பது. இதை எல்லோரும் ஏளனமாகப் பார்க்கிறார்கள். “மதிப்புக்கூட்டல்” என்ற சொல் வந்தபிறகு காய்ந்த சரக்கை விற்பவன் ஏமாளி என்றாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊருக்கு விருதுநகர் பக்கம். மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மட்டுமில்லாமல் நாட்டு மருந்துச் சரக்குக்கும் பேர்போன சந்தை அது. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்து நிலாவாரை பல தலைமுறையாகத் ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் கப்பலேறுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு விதை, ஆத்தூர் பக்கம் மருந்துக் கூர்க்கன் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு செடி உண்டு. இதெல்லாம் பெரும்பாலும் மூட்டையாகவே போகிறது. வாங்குகிறவர் இருக்கிறார் என்பதே பாதித் தொழில்.

இந்த வழியில் எல்லாமே காய்ச்சலில் இருக்கிறது. நெல்லுக்குச் சொல்வதுபோல இதற்கும் “காய்ச்சல் பத்தல” என்று ஒரு வார்த்தையில் வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவார். கணக்குப் பாருங்கள். பறித்த கீரை 100 கிலோவில் ஏறக்குறைய 80 கிலோ தண்ணீர். மிச்சம் 20 கிலோ. ஈரம் 10 விழுக்காடு நிற்கும்வரை காயவைத்தால் தராசில் 22 கிலோ காட்டும். 14 விழுக்காட்டில் நிறுத்திவிட்டால் 23 கிலோவுக்கு மேல். அதாவது ஒருநாள் முன்னதாக அள்ளிவிட்டால் நூற்றுக்கு ஒரு கிலோ ‘லாபம்’. இந்த ஒரு கிலோ ஆசையில்தான் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த இடத்தில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு வரலாம்; அது கண்ணுக்குத் தெரியாது, பொடியாக்கினாலும் எண்ணெயில் போட்டாலும் கூடவே வரும்.

வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் இலை பழுத்த நிறமாகிவிடும். பச்சை நிறம் நிற்க நிழல் வேண்டும், காற்று வேண்டும். ரோட்டில் நெல் காயப்போடுகிற மாதிரி தார்ப்பாயில் விரித்தால் புழுதி, ஆட்டுப்புழுக்கை, வண்டிப்புகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். பாலிகார்பனேட் தகடு போட்ட சோலார் டிரையர் கூடாரம் ஒன்று, உள்ளே வலைத் தட்டுகள், மேலே கறுப்பு வலை: என் பணம் போக வேண்டிய இடம் அதுதான் என்று முதலிலேயே பட்டது. ஏனென்றால் எந்த வழியில் போனாலும் அது வீணாகாது. அரவை இயந்திரம் அப்படியல்ல. பொடி வழியைக் கைவிட்டால் அது மூலையில் துருப்பிடிக்கும்.

செடி மாறிப்போவதும் இந்த வழியில்தான் தொடங்குகிறது. கீழாநெல்லி என்று பறித்துவருவதில் மேலாநெல்லி கலந்திருக்கும். இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு செடி. அள்ளிக்கொண்டு வருபவருக்கு இரண்டும் நெல்லிதான். குழுவில் பத்துப் பேர் என்றால் பத்துக் கண்கள், பத்து விதமான கீழாநெல்லி. அதனால் மூட்டைக்கு மூட்டை எண் போட்டு, யார் பறித்தது, எந்தக் காடு, என்ன தேதி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதச் சொன்னேன். மதினிக்கு இது பிடிக்கவில்லை. “ரேசன் கடையா நடத்துறோம்?” என்றார். இன்னொன்றும் சொன்னேன்: மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் மூலிகை நிறையக் கிடைக்கும் என்று யாராவது கூப்பிட்டால் போகவேண்டாம். 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சொந்தக் காடு, கம்மாய்க்கரை, பக்கத்து வரப்பு போதும்.

கெட்டால் என்ன ஆகும்? ஒரு மூட்டையை வியாபாரி தள்ளினால் மறுபடி காயவைக்கலாம், விலையைக் குறைக்கலாம், பூஞ்சை பிடித்திருந்தால் குப்பைக்குழியில் கொட்டலாம். போவது உழைப்பு. பொட்டலம், லேபிள், பெயர் எதுவும் போகாது.

இரண்டாவது வழி பொடி. மதினி கேட்டது இதைத்தான், தேக்காவில் தெரிவதும் இதுதான். பொடியில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும்: அது உணவா, மருந்தா? முருங்கை இலை, நெல்லிக்காய், கறிவேப்பிலை பொடியை யாரும் மருந்து என்று வம்புக்கு வரமாட்டார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் பதிவு எடுத்து உணவாக விற்கலாம். கீழாநெல்லிப் பொடியை யாரும் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வாங்குவதில்லை. மஞ்சள் காமாலை என்ற வார்த்தையை நீங்கள் லேபிளில் போடாவிட்டாலும் வாங்குபவர் மனத்தில் போட்டுக்கொண்டுதான் வாங்குகிறார். அதனால் பொடி என்றால் முருங்கையும் நெல்லியும் மட்டும். கீழாநெல்லியும் நிலவேம்பும் மூட்டையாகவே போகட்டும்.

உணவு வழிக்கு இருக்கிற பெரிய சாதகம் மானியம். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் வங்கிக் கடனோடு இணைந்த 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். உணவு அல்லாததற்கு வேறு திட்டங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் மானியத்துக்காகத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது, சீதனத்துக்காகப் பெண் பார்ப்பது மாதிரி. ஊரில் அப்படி வாங்கிய இயந்திரங்கள் சாக்கு மூடிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பொடியின் பாதகம் கிருமி. இலையை அரைத்ததும் அதன் பரப்பு பல மடங்காகிறது, ஈரத்தை இழுக்கிறது. தண்ணீரில் அலசாமல் காயவைத்த இலையில் இருந்ததெல்லாம் பொடியில் சமமாகப் பரவிவிடுகிறது. பெரிய ஆலைகள் நீராவியால் கிருமி நீக்கும். சிலர் எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மசாலாவில் அது அனுமதித்த அளவைவிட அதிகம் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு திரும்பப் பெற வைத்தது நினைவிருக்கும். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அலமாரியிலிருந்து இறங்க ஒரே நாள்தான். பத்துப் பெண்கள் நடத்தும் குழுவுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் எழுந்து நிற்கவே முடியாது.

இனி என் சொந்தத் துறை, போக்குவரத்து. விமானச் சரக்கில் எடையா, அடைக்கும் இடமா என்று பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது இடத்துக்கான எடை. 60-க்கு 40-க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ. அதில் காய்ந்த முருங்கை இலையை அடைத்துப் பாருங்கள், ஆறேழு கிலோ கொள்வதே அதிகம். மிச்சம் ஒன்பது கிலோவுக்குக் காற்றைக் காசு கொடுத்துப் பறக்க வைக்கிறீர்கள். அதே பெட்டியில் பொடியை அடைத்தால் எடைக்குத்தான் கட்டணம். இந்த ஒரு விஷயத்தில் பொடி இலையை நன்றாகவே ஜெயிக்கிறது. கப்பலில் போனால் ஒரு கனமீட்டர் அல்லது ஒரு டன், எது அதிகமோ அது. ஒரு கனமீட்டர்கூட நிரப்பாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு கனமீட்டருக்கான கட்டணத்தை வாங்கிவிடுவார்கள். இங்கே வந்ததும் சுங்க அனுமதி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி, கிடங்கு வாடகை. இதையெல்லாம் போட்டபிறகு தேக்கா விலையில் மிஞ்சுவது, மதினி கனவு கண்டதில் ஒரு விள்ளல்.

அப்புறம் இந்த ஊர்க் காற்று. போன வருடம் ஊரிலிருந்து கொண்டுவந்த நெல்லிப்பொடி சாதாரண பிளாஸ்டிக் கவரில் இருந்தது. மூன்றாவது வாரம் செங்கல். சுத்தியலால் உடைக்கவேண்டிய நிலை. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பை இல்லாமல் இந்த ஊருக்குப் பொடி அனுப்புவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

மூன்றாவது வழியைப் பற்றி முதலில் எனக்குப் பெரிய எண்ணம் இல்லை. கூந்தல் எண்ணெய், நலங்கு மாவு. எல்லோரும்தான் விற்கிறார்கள். ஆனால் யோசிக்க யோசிக்க, சிறிய குழுவுக்கு இதில் ஒரு வசதி இருப்பது புரிந்தது. இரண்டிலும் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி சுலபமாகப் பெருகாது. அதனால் கிரீம், ஷாம்பூக்களில் போல பதப்படுத்தும் ரசாயனம் தேடி அலைய வேண்டாம். வாய்க்குள் போகாத பொருள் என்பதால் தவறு நடந்தால் விளைவும் பெரும்பாலும் தோலோடு நிற்கும். ஆத்தா காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெயின் பக்குவம் மதினிக்குத் தெரியும். சாறு சுண்டி, அடியில் இறங்கும் கசடு மெழுகு பதம் தாண்டி மணல் பதம் வர வேண்டும். எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பரிசோதனைக் கூடம் இல்லாத காலத்தில் கண்டுபிடித்த ஈரப்பதச் சோதனை அது. எண்ணெய் சிக்குப்பிடிக்காமல் இருக்கும் ஆயுளும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஆனால் வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி விற்றுவிட முடியாது. இந்தியாவில் அழகுப்பொருள் தயாரிக்க 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்கீழ் மாநில உரிமம் வேண்டும். அரைப்பதற்கும் காய்ச்சுவதற்கும் அடைப்பதற்கும் தனித்தனி இடம், பேட்ச் பதிவேடு, எல்லாம் உண்டு. வாட்ஸ்அப்பில் உரிமம் இல்லாமல் விற்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவர் பாட்டில் ஒருவருக்கு அரிப்பு வரவழைக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். சிங்கப்பூருக்கு அழகுப்பொருளாகக் கொண்டுவந்தால் இங்கே பதிவுபெற்ற நிறுவனம் ஒன்று, விற்பதற்கு முன்னரே, சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அந்தப் பொருளை அறிவிக்க வேண்டும். சேர்மானங்கள் ஆசியான் விதிக்குள் இருக்க வேண்டும், பொருளைப் பற்றிய கோப்பு அந்த நிறுவனத்திடம் இருக்க வேண்டும். “ஆத்தா கைப்பக்குவம்” என்று அந்தக் கோப்பில் எழுத முடியாது. எந்தச் செடி, எத்தனை விழுக்காடு, எந்த எண்ணெய் என்று எழுத வேண்டும். லேபிளில் “முடி கொட்டுவதை நிறுத்தும், வழுக்கையில் முடி வளரும்” என்று போட்ட நிமிடமே அழகுப்பொருள் மருந்தின் எல்லைக்குள் காலை வைத்துவிடும்.

கெட்டால்? உள்ளூரில் விற்றதென்றால் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்கலாம். எண்ணெயின் விலைதான் வலிக்கும்; செக்கெண்ணெய் மலிவில்லை. நலங்கு மாவில் அதுகூடக் குறைவு: பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர். ஆவாரம்பூ எங்கள் பக்கம் ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ரோட்டோரத்தில் பறிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன், வண்டிப்புகையும் புழுதியும் பூவில் படிந்திருக்கும்.

நான்காவது வழி மருந்து. அண்ணனுக்கு இதில்தான் ஆசை. “சித்த மருந்துன்னா மதிப்பே வேற” என்கிறார். மதிப்பு வேறுதான், சுமையும் வேறு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டத்தின்கீழ் தயாரிப்பு உரிமம் வேண்டும். அதற்கு அந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின் ‘டி’ (T) அட்டவணைப்படி கட்டடம்: குறைந்தது 1,200 சதுர அடி மூடிய இடம், ஒவ்வொரு வேலைக்கும் தடுப்பு. சித்த மருத்துவப் பட்டம் போன்ற தகுதியுள்ள முழுநேர ஊழியர் ஒருவர். அந்தச் சம்பளத்தை முதல் மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும். கட்டடத்தைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு. உரிமம் உள்ள ஒருவரின் ஆலையில் நம் பெயரில் தயாரிக்கும் ‘லோன் லைசென்ஸ்’. ஆனால் அப்போது மதினியின் குழுவுக்கு அதில் வேலையே இல்லை. நாம் லேபிள் ஒட்டும் வியாபாரி மட்டும்.

விளம்பரமும் கைகட்டு. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரச் சட்டம் 54 நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யாதே என்கிறது. சிங்கப்பூரில் 19 நோய்களும் நிலைகளும். நீரிழிவு, புற்றுநோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், பக்கவாதம், மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடக்கம். தேக்காவில் நம் ஆட்கள் மூலிகை தேடி வருவதே பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்கிற ஏதோ ஒன்றுக்காகத்தான் என்பது வேறு விஷயம்.

இந்திய, மலாய் பாரம்பரிய மருந்துகளுக்கு இங்கே விற்பதற்கு முன் உரிமம் கேட்பதில்லை. இதைக் கேட்டதும் சிலர் துள்ளுவார்கள். உரிமம் கேட்காததால் பொறுப்பு முழுவதும் இறக்குமதி செய்பவர் தலையில் என்பதுதான் இதன் அர்த்தம். ஒரு கிலோவில் ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3, இதற்கு மேல் இருக்கக் கூடாது. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளில் பல இந்த வாசலிலேயே நின்றுவிடும். செடியிலும் பொறி இருக்கிறது. ஆடுதின்னாப்பாளையில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயை உண்டாக்கும். பாட்டி வைத்தியத்தில் இருந்தது என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. நம் வீட்டில் குழந்தைக்கு உரசிக் கொடுத்த வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-லேயே தடை போட்டுவிட்டது. தீபாவளி லேகியத்தில் கசகசா போடும் வீடுகள் உண்டு. கசகசாவை இந்த ஊருக்குள் கொண்டுவருவது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் சமாச்சாரம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாமிக்கு விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது.

மருந்து கெட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. வாங்கியவர் உடம்பு கெடும், அண்ணன் பெயரில் வழக்கு வரும்.

இந்த நான்காவது வழிவரை வந்தபிறகுதான் முதல் வழியின் பெருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. மருந்து செய்கிறவர்கள் செடியைச் சொந்தமாக வளர்ப்பது குறைவு. 1944-இல் வைத்தியர்களே கூட்டுறவாகத் தொடங்கிய இம்காப்ஸ், 1983-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டாம்ப்கால், அப்புறம் எத்தனையோ தனியார் ஆலைகள். எல்லாருக்கும் சரியான செடி, சரியான காய்ச்சலில், கலப்பில்லாமல் வேண்டும். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு. அதில் நிலவேம்பை மட்டும் ஒழுங்காகக் கொடுக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒன்பதையும் அரைக்க வேண்டிய தலைவலி இல்லை. அண்ணன் ஆசைப்படும் மதிப்பு மருந்துப் பாட்டிலில் இல்லாமல், மருந்து செய்பவர் நம் மூட்டையைப் பிரிக்காமலேயே வாங்கும் நாளில் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். காணொளி அழைப்பில்கூட அது தெரிந்தது.

கடைசியில் நான் சொன்னது இது. முதல் ஆண்டு மூட்டைதான். கீழாநெல்லி, நிலவேம்பு, நிலாவாரை. மூன்றுக்கு மேல் வேண்டாம். அரை ஏக்கரில் விதைத்துப் பார்க்கட்டும், வளர்த்த செடியில் கலப்பு குறைவு. என் பணத்தில் காயவைக்கும் கூடாரமும் ஈரப்பத மீட்டரும். கூடவே நலங்கு மாவுக்கு உரிமம் வாங்கும் வேலையைத் தொடங்கலாம். கிடைத்ததும் அருப்புக்கோட்டை, மதுரைக் கடைகளில். கூந்தல் எண்ணெய் அதற்குப் பிறகு. முருங்கைப் பொடி, நல்ல அரவை ஆலை ஒன்றோடு பேசிக் கூலிக்கு அரைத்துப் பார்த்தபின். மருந்து இல்லை. சிங்கப்பூரும் இப்போதைக்கு இல்லை.

“அப்ப தேக்கா?” என்றார் மதினி.

“தேக்கா எங்கயும் போகாது மதினி.”

அவருக்கு வருத்தம்தான். பத்து நாள் பேசவில்லை. ஆனால் ஆடியில் ஊருக்குப் போய் வந்த பக்கத்து புளோக் அக்காவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே கால் கிலோவுக்கும் குறைவாக, மூன்று சின்னப் பைகளில் காய்ந்த கீழாநெல்லி. ஒவ்வொன்றிலும் பேனாவால் ஓர் எண். மூன்றையும் சமையலறை மேடையில் வைத்து, இந்த ஊர்க் காற்று என்ன செய்கிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பிரித்தேன். இரண்டில் வைக்கோல் வாசம், ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. மூன்றாவது வளைந்தது, ஒடியவில்லை. லேசாகக் கம்மாய் வாசம்.

மதினிக்கு அழைத்துச் சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஒம்பதாம் நம்பரா தாயி? அது வெள்ளிக்கெழம சாயங்காலம் அள்ளுனது. மழ வர்ற மாதிரி இருந்துச்சுன்னு சீக்கிரமா அள்ளிட்டா. அவகிட்ட நான் பேசிக்கிறேன்.”